வீட்டுக் கணினியைத் தூங்கவிட்டுத் தூரத்திலிருந்து எழுப்புவது: மின்சாரத்தை மிச்சம்பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீடு கோலாலம்பூர் செந்தூலில், வேலை பினாங்கு பாயான் லெப்பாஸில். வார நாள்களில் அங்கே வாடகை அறை, வெள்ளிக்கிழமை இரவு கோலாலம்பூருக்கு ரயில் அல்லது பேருந்து. இப்படி இரண்டு ஊருக்கு நடுவே வாழ்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். வீட்டு மேசைக் கணினியில்தான் கணக்குக் கோப்புகள், குடும்பப் புகைப்படங்கள், காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் எல்லாம் இருக்கும். அதனால் கிளம்பும்போது கணினியை அப்படியே ஓடவிட்டுவிட்டு வருகிறார்கள். நாளுக்கு ஓரிரு மணி நேரம் தேவைப்படும் இயந்திரம் 24 மணி நேரமும் மின்சாரம் குடிக்கிறது.

அதை அணைத்து வைக்கவும் முடியும், நினைத்தபோது 350 கிலோமீட்டர் தள்ளி இருந்து எழுப்பவும் முடியும். பெரிய கணினி தூங்கட்டும். வீட்டில் மிகச் சிறிய ஒரு கருவி மட்டும் விழித்திருந்து, நாம் சொல்லும்போது பெரியதை எழுப்பட்டும். இந்த ஏற்பாட்டை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். பெரும்பாலும் விண்டோஸை வைத்தே எழுதுகிறேன். லினக்ஸுக்கும் ஆப்பிளுக்கும் பின்னால் ஒரு பகுதி உண்டு.

முதலில் கணக்கு

சும்மா இருக்கும் ஒரு சாதாரண மேசைக் கணினி 40 முதல் 70 வாட் வரை எடுக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள விளையாட்டுக் கணினி என்றால் 100 வாட்டைத் தொடலாம். அதே கணினி தூக்கத்தில் இருந்தால் 1 முதல் 5 வாட்தான். ஊகிப்பதைவிட அளந்து பார்ப்பது நல்லது. மூன்று முனை பிளக்கில் செருகும் வாட் மீட்டரை இணையக் கடைகளில் வாங்கலாம், கோலாலம்பூரின் கணினிக் கடை வளாகமான லோ யாட் பிளாசாவிலும் தேடலாம். கணினியை அதில் செருகி, ஓடும்போது எவ்வளவு, சும்மா இருக்கும்போது எவ்வளவு, தூக்கத்தில் எவ்வளவு, அணைத்த பிறகு எவ்வளவு என்று நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் வந்த புதிய கட்டண முறையில், மாதம் 1,500 கிலோவாட் மணி வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு மின்சக்திக்கு 27.03 சென், கொள்ளளவுக்கு 4.55 சென், கட்டமைப்புக்கு 12.85 சென் என்று தனித்தனியாகப் பில்லில் வருகிறது. கூட்டினால் ஒரு கிலோவாட் மணிக்கு 44.43 சென். இதன்மேல் மாதாமாதம் மாறும் எரிபொருள் சரிக்கட்டல் உண்டு. 1,000 கிலோவாட் மணிக்குள் நிற்கும் வீடுகளுக்குச் சிக்கன ஊக்கக் கழிவும் கிடைக்கும். பயன்பாடு குறையக் குறைய அந்தக் கழிவு கூடும். கீழே உள்ள கணக்கை அடிப்படை விலையான 44.43 சென்னிலேயே போடுகிறேன். உங்கள் பில்லில் அது கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

60 வாட் கணினி மாதம் முழுவதும் ஓடினால் 43.2 கிலோவாட் மணி, அதாவது 19 ரிங்கிட் 19 சென். 100 வாட் என்றால் 72 கிலோவாட் மணி, ஏறத்தாழ 32 ரிங்கிட். அதே 60 வாட் கணினி நாளுக்கு மூன்று மணி நேரம் விழித்திருந்து, மீதி 21 மணி நேரம் 3 வாட்டில் தூங்கினால் 7.29 கிலோவாட் மணி. அதை எழுப்பும் சிறிய கருவிக்கு 1 வாட் என்று வைத்தால் இன்னொரு 0.72. மொத்தம் 8 கிலோவாட் மணி. மாதத்துக்கு 15 ரிங்கிட்டுக்கு மேல் மிச்சம். ஆண்டுக்கு ஏறத்தாழ 187 ரிங்கிட்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று 600 கிலோவாட் மணி என்ற கோடு. அதைத் தாண்டினால் மாதம் 10 ரிங்கிட் ரீடெய்ல் கட்டணம் சேரும். உங்கள் வீடு மாதம் 610, 620 என்று அந்தக் கோட்டை ஒட்டி ஓடுகிறது என்றால், கணினியைத் தூங்கவிடுவதே உங்களைக் கோட்டுக்குக் கீழே கொண்டுவரப் போதும். ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்கள் மின்சார நிறுவனத்தின் மைடிஎன்பி செயலியில் தினசரிப் பயன்பாட்டைப் பார்க்கலாம். இந்த ஏற்பாட்டுக்கு முந்திய ஒரு வாரத்தைக் குறித்து வையுங்கள். பிறகு ஒப்பிட உதவும்.

நம் ஊர் வெக்கையில் இன்னொரு செலவும் ஒளிந்திருக்கிறது. கணினி எடுக்கும் அத்தனை வாட்டும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அந்த அறையில் ஏர்கான் ஓடினால், அந்த வெப்பத்தை வெளியேற்றவும் நீங்கள்தான் காசு கட்டுகிறீர்கள்.

உங்களுக்கு உண்மையிலேயே என்ன வேண்டும்?

சில கோப்புகள் மட்டும் போதும் என்றால் இந்த வேலை எதுவும் தேவையில்லை. அந்தக் கோப்புறையை கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ ஒத்திசைத்துவிட்டுக் கணினியை அணைத்துவிடுங்கள். இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

நாள் முழுக்க இடைவிடாமல் தேவைப்படுகிறது, வீட்டுக் கேமரா பதிவும் அதில்தான் ஓடுகிறது என்றால் தூக்கம் உதவாது. அப்போது 6 முதல் 10 வாட்டில் சும்மா இருக்கக்கூடிய மினி பிசிக்கு அந்த வேலைகளை மாற்றுவதே சரி. ஆனால் மின்சாரத்தை மிச்சம்பிடிப்பதற்காக மட்டுமே புதிய இயந்திரம் வாங்காதீர்கள். 700 ரிங்கிட்டுக்கு ஒன்று வாங்கி மாதம் 15 ரிங்கிட் மிச்சப்படுத்தினால், போட்ட காசு திரும்பவே நான்கு ஆண்டு ஆகும்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டி: எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது, தேவைப்பட்டால் முழுக் கணினியும் வேண்டும்.

தூக்கத்திலும் வகைகள் உண்டு

ஸ்லீப் என்பது நினைவகத்துக்கு மின்சாரம் கொடுத்து மற்றவற்றில் பெரும்பாலானவற்றை நிறுத்துவது. எஸ்3 என்று சொல்வது இதைத்தான். சில நொடிகளில் எழுந்துவிடும். ஹைபர்னேட் என்பது நினைவகத்தில் உள்ளதையெல்லாம் வட்டில் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வது. எழ நேரமாகும், ஆனால் கரண்ட் போனாலும் எதுவும் தொலையாது. மேசைக் கணினிகளில் ஹைப்ரிட் ஸ்லீப் என்ற மூன்றாவது ஒன்றும் உண்டு. அது இரண்டையும் செய்யும்: வட்டிலும் ஒரு பிரதி, நினைவகத்திலும் ஒரு பிரதி. கரண்ட் போகாவிட்டால் உடனே எழும். போனாலும் திறந்திருந்த கோப்பு தப்பிக்கும். மதியத்துக்கு மேல் இடிமழை பிடித்துக்கொள்ளும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

முழுதாக ஷட்டவுன் செய்த கணினியையும் எழுப்ப முடியும். ஆனால் விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி குறுக்கே நிற்கிறது. அணைப்பதாகக் காட்டிவிட்டுப் பாதி ஹைபர்னேட் நிலைக்குத்தான் அது போகும். அந்த நிலையில் வலைப்பின்னல் வழியாக எழுப்புவதை விண்டோஸ் ஆதரிப்பதில்லை. ஆகவே தூக்கத்தையே நம்புங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள்: கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கம். அங்கே அதன் குறியை எடுத்துவிட்டால் முடிந்தது.

எழுப்பும் சமிக்ஞை எப்படி வேலை செய்கிறது

இந்தத் தொழில்நுட்பத்துக்குப் பெயர் வேக்-ஆன்-லேன். கணினி தூங்கும்போதும் அதன் நெட்வொர்க் கார்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். மேஜிக் பாக்கெட் என்ற ஒரு குறிப்பிட்ட செய்தி வருகிறதா என்று அது கவனித்துக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தியின் அமைப்பு எளிது: முதலில் 6 பைட் நிறைய ஒன்றுகள், அடுத்து அந்தக் கார்டுக்கே உரிய அடையாள எண்ணான 6 பைட் மேக் முகவரி 16 தடவை. மொத்தம் 102 பைட். தன் முகவரி பதினாறு முறை வந்ததைக் கண்டதும் கார்டு மதர்போர்டை எழுப்பும்.

இந்தச் செய்தி வீட்டு வலைப்பின்னலுக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபரப்பப்படுகிறது. அந்த ஒலிபரப்பு ரௌட்டரைத் தாண்டி இணையத்துக்குப் போகாது, இணையத்திலிருந்து உள்ளேயும் வராது. பலர் தடுமாறுவது இங்கேதான். பினாங்கிலிருந்து நேரடியாக மேஜிக் பாக்கெட் அனுப்பி ஒன்றும் நடக்காமல் போனால் கோளாறு உங்கள் கணினியில் இல்லை. செய்தியை வீட்டுக்குள்ளிருந்தே யாராவது அனுப்ப வேண்டும்.

இன்னொரு நிபந்தனை: கணினி கேபிள் வழியாக ரௌட்டரோடு இணைந்திருக்க வேண்டும். வைஃபை வழியாக எழுப்புவது சில மடிக்கணினிகளில் நடக்கும், பலவற்றில் நடக்காது. தொலைவில் இருக்கும்போது அதை நம்பியிருக்காதீர்கள். கொண்டோவில் ரௌட்டர் கூடத்திலும் கணினி அறையிலும் இருந்தால், சுவரோரமாக ஒரு நீளமான நெட்வொர்க் கேபிள் ஓட்டிவிடுங்கள்.

பயோஸில் செய்ய வேண்டியவை

பயோஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருள். கணினி தொடங்கும்போது டெலிட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி அதன் உள்ளே போங்கள். பெயர்கள் போர்டுக்குப் போர்டு மாறும். பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் தேடுங்கள்.

வேக்-ஆன்-லேன் அல்லது பிசிஐ-இ வழியாக எழுப்புதல் என்று இருப்பதை இயக்குங்கள்.

ஈஆர்பி என்று ஒன்று இருந்தால் அதை அணையுங்கள். ஐரோப்பிய மின்சிக்கன விதிக்காக வந்த அமைப்பு அது. அணைந்த கணினியின் மின்சாரத்தை அரை வாட்டுக்கும் கீழே கொண்டுபோக நெட்வொர்க் கார்டின் மின்சாரத்தையும் வெட்டிவிடும். பிறகு எழுப்ப ஆளிருக்காது. சிக்கனத்துக்காகவே இந்த வேலையில் இறங்கியிருக்கும் நாம் ஒரு சிக்கன வசதியை அணைப்பது விசித்திரமாகப் படலாம். ஆனால் இந்த ஒன்றிரண்டு வாட்டைக் கொடுத்தால்தான் அந்த 60 வாட்டை மிச்சம்பிடிக்க முடியும்.

மூன்றாவது, கரண்ட் போய்த் திரும்பினால் என்ன செய்வது என்ற அமைப்பு. ரெஸ்டோர் ஏசி பவர் லாஸ் அல்லது ஏசி பேக் என்று இருக்கும். அதைப் பவர் ஆன் என்று வையுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

விண்டோஸில் செய்ய வேண்டியவை

டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியைத் திறந்து, கேபிள் செருகியிருக்கும் கார்டின் பிராப்பர்டீஸுக்குப் போங்கள். பவர் மேனேஜ்மென்ட் தாளில் மூன்று குறிகள் இருக்கும். மூன்றையும் இடுங்கள். அவற்றில் கடைசி முக்கியமானது: மேஜிக் பாக்கெட் வந்தால் மட்டும் எழுப்பு என்பது. அது இல்லாவிட்டால் வலைப்பின்னலில் போகும் மற்ற செய்திகளுக்கும் கணினி எழுந்துகொண்டே இருக்கும். தூங்கவிட்டதன் பயனே போய்விடும். அட்வான்ஸ்ட் தாளில் வேக் ஆன் மேஜிக் பாக்கெட் என்பது இயக்கத்தில் இருக்கட்டும்.

பிறகு செட்டிங்ஸில், திரை 5 நிமிடத்திலும் கணினி 20 நிமிடத்திலும் தூங்கும்படி வையுங்கள். தூக்க நேரத்தை 5 நிமிடம் என்று மிகக் குறைத்தால், பெரிய கோப்பு ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும்போது கணினி தூங்கிவிடலாம்.

அதிகம் வெளியே தெரியாத ஒரு நேரக் கணக்கும் விண்டோஸுக்குள் மறைந்திருக்கிறது. விசைப்பலகையையோ சுட்டியையோ யாரும் தொடாமல், வலைப்பின்னல் வழியாகக் கணினி எழுந்தால், அதை ஆளில்லாத விழிப்பு என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். இயல்பான அமைப்பில் இரண்டே நிமிடத்தில் மறுபடி தூங்கப் போய்விடும். நீங்கள் வைத்த 20 நிமிடம் அங்கே செல்லாது. எழுப்பிவிட்டுத் தேநீர் கலக்கப் போய்த் திரும்பினால் கணினி கிடைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எழுப்பியதும் தாமதிக்காமல் உள்ளே நுழையுங்கள். நுழைந்த பிறகு நீண்ட வேலை இருந்தால் மைக்ரோசாஃப்டின் இலவசப் பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள அவேக் கருவியில் இத்தனை மணி நேரம் விழித்திரு என்று சொல்லிவிடலாம். அந்த நேரம் முடிந்ததும் பழையபடி தூங்கும்.

வேலை முடிந்தால் இணைப்பை மட்டும் துண்டித்தால் போதும். கைப்பட ஷட்டவுன் செய்யாதீர்கள்.

வீட்டுக்குள் சோதனை

அடுத்த படிக்குப் போகுமுன் வீட்டிலேயே இது வேலை செய்கிறதா என்று பாருங்கள். நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டிரண்டாக ஆறு ஜோடி எழுத்தெண்கள் அவை. ரௌட்டரின் அமைப்பில் அந்தக் கணினிக்கு எப்போதும் ஒரே உள்ளக முகவரி கிடைக்கும்படி ஒதுக்கி வையுங்கள். கைப்பேசியில் வேக்-ஆன்-லேன் செயலி ஒன்றை நிறுவி, வீட்டு வைஃபையில் இருந்தபடியே தூங்கும் கணினியை எழுப்பிப் பாருங்கள்.

எழவில்லையா? கணினியின் பின்புறம் கேபிள் செருகும் இடத்தில் உள்ள சிறு விளக்கைப் பாருங்கள். தூங்கும்போதும் அது எரிய வேண்டும். எரியாவிட்டால் கார்டுக்கு மின்சாரம் போகவில்லை. மறுபடி பயோஸுக்குப் போய் ஈஆர்பியைப் பாருங்கள். விளக்கு எரிந்தும் எழவில்லை என்றால் விண்டோஸ் அமைப்பிலோ டிரைவரிலோ குறை. மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து நெட்வொர்க் டிரைவரை எடுத்துப் போடுங்கள். கைப்பேசி விருந்தினர் வைஃபையில் இருந்தாலும் செய்தி போய்ச் சேராது.

வெளியிலிருந்து எழுப்ப ஒரு காவலாள்

இப்போது வீட்டுக்குள் எப்போதும் விழித்திருக்கும் கருவி ஒன்று வேண்டும். உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கலாம்.

ஏசுஸ் ரௌட்டர்களின் அமைப்பில் வேக்-ஆன்-லேன் இருக்கிறது. மைக்ரோடிக்கிலும், ஓபன்டபிள்யுஆர்டி என்ற மாற்று மென்பொருள் போட்ட ரௌட்டரிலும் செய்யலாம். இவற்றில், வெளியிலிருந்து வீட்டு வலைப்பின்னலுக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் விபிஎன்னும் அமைக்க முடிந்தால் தனிக் கருவி தேவையில்லை. ரௌட்டர் எப்படியும் 24 மணி நேரமும் ஓடத்தான் போகிறது. இணையச் சேவையோடு இலவசமாக வரும் ரௌட்டர்களில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. வீட்டில் என்ஏஎஸ் என்ற கோப்புச் சேமிப்புக் கருவி எப்போதும் ஓடுகிறது என்றால் அதுவும் இந்த வேலையைச் செய்யும். டீம்வியூவர், எனிடெஸ்க் ஆகியவற்றிலும் எழுப்பும் வசதி உண்டு. ஆனால் அதே வலைப்பின்னலில் அதே மென்பொருளோடு இன்னொரு கருவி விழித்திருக்க வேண்டும்.

எதுவும் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யு. 2021இல் வந்த, ஒரே சிறிய பலகையில் அடங்கிய குட்டிக் கணினி. சும்மா இருக்கும்போது ஒரு வாட்டுக்கு உட்பட்டே எடுக்கும். வைஃபை அதிலேயே இருக்கிறது. அது வைஃபையில் இருப்பதில் சிக்கல் இல்லை. அனுப்பும் செய்தியை ரௌட்டர் கேபிளுக்குக் கடத்திவிடும்.

ராஸ்பெரி பை இமேஜர் மென்பொருளால் மைக்ரோஎஸ்டி கார்டில் லைட் பதிப்பை எழுதுங்கள். எழுதும்போதே வைஃபை பெயர், கடவுச்சொல், பயனர் பெயர் எல்லாவற்றையும் கொடுத்து, தொலைவிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்எச்சையும் இயக்கிவிடலாம். திரையோ விசைப்பலகையோ தேவையில்லை. பலகை ஓடத் தொடங்கியதும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய் டெய்ல்ஸ்கேலை நிறுவுங்கள். அதே கணக்கில் உங்கள் கைப்பேசி, மடிக்கணினி, வீட்டுக் கணினி மூன்றையும் சேருங்கள். வயர்கார்டு என்ற விபிஎன் தொழில்நுட்பத்தை அடித்தளமாகக் கொண்ட தனியார் வலைப்பின்னல்தான் டெய்ல்ஸ்கேல். உங்கள் கருவிகள் எந்த ஊரில் இருந்தாலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசத் திட்டம் போதும்.

அடுத்து பலகையில் வேக்ஆன்லேன் என்ற சிறு நிரலை நிறுவுங்கள். பெயரில் இடைவெளி கிடையாது. அந்தக் கட்டளைக்குப் பின் மேக் முகவரியைக் கொடுத்தால் செய்தி போய்விடும். பாயான் லெப்பாஸிலிருந்து கைப்பேசியில் டெய்ல்ஸ்கேலை இயக்கி, எஸ்எஸ்எச்சில் பலகைக்குள் போய், அந்தக் கட்டளையைக் கொடுப்பதுதான் முழு வேலையும். ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டாம். ஐபோனில் ஷார்ட்கட்ஸ் செயலியில் எஸ்எஸ்எச் வழியாக ஸ்கிரிப்ட் ஓட்டும் செயல் இருக்கிறது. அதில் இந்தக் கட்டளையை வைத்து முகப்புத் திரையில் ஒரு பொத்தானாக்கிவிடலாம். ஆண்ட்ராய்டில் எஸ்எஸ்எச் செயலிகளில் கட்டளையைச் சேமித்து வைக்கலாம்.

டெய்ல்ஸ்கேல் வீட்டுக் கணினியிலேயே இருக்கிறதே, பலகை எதற்கு என்று கேட்கலாம். தூங்கும் கணினியில் டெய்ல்ஸ்கேலும் தூங்கும். டெய்ல்ஸ்கேல் ஒலிபரப்புச் செய்திகளைக் கடத்துவதும் இல்லை. கட்டளை வீட்டுக்குள் இருக்கும் பலகையில் ஓடியே ஆக வேண்டும்.

கதவைத் திறந்து போடாதீர்கள்

ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து, அதாவது இணையத்திலிருந்து வருவதை வீட்டுக் கணினிக்கு நேரே அனுப்பும் வாசலை அமைத்து, 3389ஆம் போர்ட்டைத் திறந்துவிடச் சொல்லும் ஆலோசனைகள் இன்னும் உலவுகின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது, தொலைவிலிருந்து கணினித் திரையை இயக்க உதவும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட் என்பது உலகத்துக்கே தெரியும். திறந்த வீடுகளைத் தேடித் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் தட்டிக்கொண்டே இருக்கின்றன. 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் ஓட்டை, பழைய விண்டோஸ் பதிப்புகளில் கடவுச்சொல் இல்லாமலேயே உள்ளே வர வழி விட்டது. உங்கள் கணினியில் இருப்பது குடும்பத்தின் புகைப்படங்களும் வரிக் கணக்கும் வங்கி விவரமும். 15 ரிங்கிட் மிச்சப்படுத்தப் போய் அவற்றைப் பணயம் வைக்கக் கூடாது.

எழுப்பும் செய்திக்காக 9ஆம் போர்ட்டைத் திறக்கச் சொல்வதும் உதவாது. கணினி தூங்கிக் கொஞ்ச நேரத்தில் அதன் முகவரி ரௌட்டரின் தற்காலிகப் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். செய்தி போக இடம் தெரியாது. உங்கள் இணைப்பு பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிரும் வகை என்றால் போர்ட் திறப்பதே நடக்காது. ரௌட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால் உங்களுடையது அந்த வகை. டெய்ல்ஸ்கேல் இந்த நிலையிலும் வேலை செய்யும்.

உள்ளே நுழைந்து பயன்படுத்த, விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்கள் ரிமோட் டெஸ்க்டாப்பை டெய்ல்ஸ்கேல் முகவரியில் பயன்படுத்தலாம். ஹோம் பதிப்பில் அந்த வசதி கிடையாது. குரோம் ரிமோட் டெஸ்க்டாப் அல்லது ரஸ்ட்டெஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். டெய்ல்ஸ்கேலுக்குள் நுழையும் மின்னஞ்சல் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும். இப்போது வீட்டுச் சாவி அந்தக் கணக்குதான்.

இடி, மின்னல், சுவர் சுவிட்ச்

உலகிலேயே இடிமின்னல் மிகுந்த பகுதிகளில் நம்முடையதும் ஒன்று. மின்னல் வெட்டினால் வீட்டின் மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச் விழும். யாராவது தூக்கிவிட்டால் கரண்ட் திரும்பும். ஆனால் முழுதாக மின்சாரம் இழந்த பல கணினிகளில், ஒரு முறை இயங்கி விண்டோஸ் வரை போகாமல், நெட்வொர்க் கார்டு மேஜிக் பாக்கெட்டுக்குச் செவிகொடுக்காது. கரண்ட் வந்ததும் பவர் ஆன் என்று பயோஸில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். கரண்ட் திரும்பியதும் கணினி தானே இயங்கும். யாரும் தொடாவிட்டால் தானே தூங்கப் போகும். மறுபடி எழுப்பத் தயாராக இருக்கும். வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரில் தொடக்கத்திலேயே பின் எண் கேட்கும்படி வைத்திருந்தால் மட்டும் அந்தத் திரையிலேயே நின்றுவிடும்.

கணினிக்கும் ரௌட்டருக்கும் சர்ஜ் புரொடெக்டர் போடுங்கள். அருகில் விழும் மின்னலுக்கு அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிடுவதுதான் உறுதியான வழி.

அம்மாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால் இடி இடிக்கும்போது சுவர் சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிடுவார்கள். அவர்கள் செய்வது சரி, தடுக்காதீர்கள். மழை விட்டதும் எந்த இரண்டு சுவிட்சைப் போட வேண்டும் என்பதை மட்டும் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். ரௌட்டரும் பலகையும் ஒரு சுவிட்சில், கணினி இன்னொன்றில். சுவிட்சின் மேல் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள். கணினி திரை இருண்டு கிடந்தாலும் அது தூங்குகிறது, வீணாக ஓடவில்லை என்பதையும் விளக்குங்கள். அந்த ஐந்து நிமிடப் பேச்சு பல தொலைபேசி அழைப்புகளை மிச்சப்படுத்தும்.

ஆளில்லாத வீடு என்றால் கணினியின் பிளக்கில் ஒரு ஸ்மார்ட் பிளக் மாற்று வழியாக இருக்கட்டும். மேஜிக் பாக்கெட்டுக்குக் கணினி எழவே மாட்டேன் என்றால், செயலியில் பிளக்கை அணைத்துச் சில நொடி கழித்துப் போட்டால் பயோஸ் அமைப்பு கணினியை இயக்கிவிடும். மலேசியத் தரச் சான்று அமைப்பான சிரிமின் முத்திரை உள்ளதை மட்டும் வாங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கணினியை இப்படி வெட்டினால் வட்டில் உள்ள கோப்புகள் கெடலாம். இது கடைசி வழி மட்டுமே.

தூங்க மறுத்தால், தானே எழுந்தால்

நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையைக் கொடுங்கள். பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் சேர்த்து எழுத வேண்டும். அதன்பின் ஒரு சாய்கோடும் ரிக்வெஸ்ட்ஸ் என்ற சொல்லும் சேர்த்தால், கணினியைத் தூங்கவிடாமல் பிடித்து வைத்திருப்பது யார் என்று காட்டும். பெரும்பாலும் ஏதோ ஓர் ஒலி ஓடும் உலாவித் தாவலாகவோ டொரண்டாகவோ இருக்கும். ரிக்வெஸ்ட்ஸுக்குப் பதில் லாஸ்ட்வேக் என்று கொடுத்தால் கடைசியாக எது எழுப்பியது என்று தெரியும். நடு இரவில் எழுந்தால் பவர் ஆப்ஷன்ஸில் வேக் டைமர்களை அணையுங்கள். சுட்டி அசைந்தால் எழுவது தொல்லையாக இருந்தால் டிவைஸ் மேனேஜரில் சுட்டியின் எழுப்பும் உரிமையை எடுத்துவிடுங்கள்.

கணினி தூங்கியபின் மானிட்டர், ஒலிபெருக்கி, பிரிண்டர் மூன்றையும் தனி எக்ஸ்டென்ஷனில் போட்டு அணைத்து வைக்கலாம். தொலைவிலிருந்து பயன்படுத்த அவை எதுவும் வேண்டாம்.

லினக்ஸ், ஆப்பிள்

லினக்ஸில் ஈத்டூல் கட்டளையால் கார்டின் வேக்-ஆன் மதிப்பை ஜி என்று வைக்க வேண்டும். மறுதொடக்கத்துக்குப் பின்னும் அது நிலைக்க, நெட்வொர்க்மேனேஜரிலோ சிஸ்டம்டியிலோ பதிந்து வையுங்கள். ஆப்பிள் மேசைக் கணினிகளில் எனர்ஜி அமைப்பில் வேக் ஃபார் நெட்வொர்க் ஆக்சஸ் என்பதை இயக்கினால் போதும். ஆப்பிள் சிலிக்கான் உள்ள மேக் மினி சும்மா இருக்கும்போதே மிகக் குறைவாக எடுப்பதால், அதைத் தூங்கவிட்டுக் கிடைக்கும் லாபம் சொற்பம். அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன்

கைப்பேசியின் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் மட்டும் இருந்து முழுச் சுற்றையும் செய்து பாருங்கள்: எழுப்பி, உள்ளே நுழைந்து, ஒரு கோப்பைத் திறந்து, துண்டித்து, 20 நிமிடம் கழித்துக் கணினி தூங்கிவிட்டதா என்று பாருங்கள். அடுத்து சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டு, கணினி தானே எழுந்து தூங்கிய பின் இன்னொரு முறை எழுப்புங்கள். தூங்கவிட்டு ஒரு முழு இரவு கழித்து, காலையில் மூன்றாவது முறை. சில ரௌட்டர்களிலும் டிரைவர்களிலும் பத்து நிமிடத் தூக்கத்துக்குப் பின் எழும் கணினி எட்டு மணி நேரத் தூக்கத்துக்குப் பின் எழாது. அதை நீங்கள் வீட்டில் இருக்கும்போதே கண்டுபிடித்துவிட வேண்டும். மூன்றும் சரியாக நடந்தால் வெள்ளிக்கிழமை வரை கணினியைத் தூங்கவிட்டுப் போகலாம்.